செய்தியே இல்லாத வெள்ளிக்கிழமை

1930 ஏப்ரல் 18. புனித வெள்ளி. லண்டனில் இரவு 8.45 மணிக்கு வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தவர்கள் பிபிசியின் வழக்கமான செய்தி அறிக்கையை எதிர்பார்த்தார்கள். வந்தது ஒரே ஒரு வரி: “செய்தி எதுவும் இல்லை.” அவ்வளவுதான். ஒதுக்கியிருந்த 15 நிமிடத்தில் மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். அப்புறம் குவீன்ஸ் ஹால் அரங்கில் நடந்துகொண்டிருந்த வாக்னரின் ‘பார்சிபல்’ இசை நாடகத்துக்கே ஒலிபரப்பு திரும்பிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அறிவிப்பாளரின் உடுப்பு. அந்தக் காலத்து பிபிசியில் மாலை நேர அறிவிப்பாளர்கள் பெரிய விருந்துக்குக் கிளம்பியவர்களைப் போல டின்னர் ஜாக்கெட்டும் போ டையுமாக வந்துதான் மைக் முன்னால் உட்கார வேண்டும். கேட்பவர் ஒருவர் கண்ணிலும் படப்போவதில்லை. இருந்தாலும் தலைமை இயக்குநர் ஜான் ரீத் அந்த விஷயத்தில் கறார். ஆக, ஒரு மனிதர் சட்டைக்குக் கஞ்சி போட்டு, கழுத்துப்பட்டியைச் சரிபார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நாட்டு மக்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘வரலாற்றில் இதே நாளில்’ என்ற தலைப்போடு இந்தத் துணுக்கு எங்கள் காரைக்குடிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். யாராவது ஒரு மாமா, “அதெல்லாம் பொற்காலம்” என்று கீழே எழுதுவார். அதற்கு நாலு பேர் கைகூப்புவார்கள். இந்த வருடம் பள்ளிக்கூடம் படிக்கிற மருமகள் ஒருத்தி, “ஒண்ணுமே நடக்கலையா மாமா? உலகம் முழுக்கவா?” என்று கேட்டுவிட்டாள். குழு அமைதியாகிவிட்டது. சரியான கேள்வி என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன். பத்திரிகைத் தொழிலில் ‘செய்தி மதிப்பு’ என்று ஒரு கருத்து உண்டு. நடப்பதில் எது செய்தியாகிறது, எது ஆகாமல் போகிறது, ஏன் என்பதுதான் அது. அதைப் புரிந்துகொள்ள, செய்தியே இல்லாத அந்த வெள்ளிக்கிழமையைவிட நல்ல நாள் கிடைக்காது.

முதலில், அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். ஏகப்பட்டது நடந்தது.

வங்காளத்தின் சிட்டகாங்கில் அன்று இரவு சுமார் 10 மணிக்கு, பள்ளி ஆசிரியரான சூர்யா சென் தலைமையில் ஏறத்தாழ 65 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், பிரிட்டிஷ் அரசின் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். மாணவர்கள் அவரை அழைத்த பெயர் ‘மாஸ்டர்தா’, அதாவது வாத்தியார் அண்ணன். அயர்லாந்தில் 1916இல் ஈஸ்டர் சமயத்தில் நடந்த எழுச்சியை மனத்தில் வைத்து இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு குழு போலீஸ் ஆயுதக் கிடங்குக்குப் போனது, இன்னொன்று துணைப்படையின் கிடங்குக்கு, மற்றொன்று தந்தி, தொலைபேசி நிலையத்துக்கு. திட்டம் அருமை. நிறைவேற்றத்தில்தான் இரண்டு சிக்கல். துணைப்படைக் கிடங்கில் துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான தோட்டாக்கள் கிடைக்கவில்லை; வேறெங்கோ வைத்திருந்தார்கள். ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கப் போன குழுவுக்கு அங்கே ஆளே கிடைக்கவில்லை. புனித வெள்ளி அல்லவா, துரைமார்கள் கிளப்புக்கு வரவில்லை. லண்டனில் செய்தி அறையைக் காலியாக்கிய அதே விடுமுறை, சிட்டகாங்கில் கிளப்பையும் காலியாக்கிவிட்டது.

சிரிப்பு அத்தோடு சரி. நான்கு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில் ராணுவத்தோடு நடந்த மோதலில் அந்தக் குழுவில் 12 பேர் இறந்தார்கள். சூர்யா சென்னை 1934 ஜனவரி 12 அன்று தூக்கிலிட்டார்கள்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். லண்டனில் 8.45 என்றால் நம் பக்கம் நள்ளிரவு தாண்டிவிட்டது. அதாவது, அறிவிப்பாளர் வாயைத் திறந்தபோது சிட்டகாங் தாக்குதல் நடந்து சில மணி நேரம் ஆகிவிட்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு அந்த வருடத்தின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. ஆனால் தாக்கியவர்கள் முதல் வேலையாகத் தந்தி, தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்துவிட்டார்கள். செய்தி வரும் வழியை அடைத்ததும் செய்திக்குள்ளேயே அடக்கம்!

அதே நாளில் ருமேனியாவின் கோஸ்டெஷ்டி என்ற ஊரில் மரத்தாலான தேவாலயம் வழிபாட்டு நேரத்தில் தீப்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் குழந்தைகள். அதுவும் அந்த 15 நிமிடத்துக்குள் வரவில்லை.

நம் பக்கம்? ராஜாஜி ஏப்ரல் 13, சித்திரை முதல் தேதி, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து கிளம்பியிருந்தார். 18ஆம் தேதி தஞ்சை மாவட்டத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று ஊர் ஊராக அறிவித்திருந்தார். ஜனங்கள் சட்டத்தை மதித்தார்கள். யார் கையிலும் சோறு கொடுக்கவில்லை. பொட்டலம் கட்டி வழியில் மரக்கிளையில் தொங்கவிட்டுப் போனார்கள். மரத்தைப் பிடித்து உள்ளே போட அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடமில்லை. வேதாரண்யத்தில் இதைவிடச் சுவையான ஒன்று நடந்தது: வைரப்பன் என்ற நாவிதர், சவரம் செய்துகொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு வேலையை நிறுத்திவிட்டார். என்னைக் கேட்டால் இது முதல் பக்கச் செய்தி. லண்டனில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆக, ஒன்றும் நடக்காத நாள் கிடையாது. பின்னே ஏன் “செய்தி எதுவும் இல்லை”?

செய்தி என்பது பல சல்லடைகளைத் தாண்டி விழுகிற மாவு. முதல் சல்லடை நேரம். குறிப்பிட்ட மணிக்குள் மேசைக்கு வந்து சேர வேண்டும். அன்றைய பிபிசிக்கு ஊர் ஊராகச் சொந்த நிருபர் படை என்று ஒன்று கிடையாது. ராய்ட்டர் மாதிரியான செய்தி நிறுவனங்கள் அனுப்புவதையும் அரசாங்க அறிவிப்புகளையும் வைத்துத்தான் அறிக்கை தயாராகும். பத்திரிகை முதலாளிகள் வேறு, வானொலி தங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்து, மாலைக்கு முன்னால் செய்தி வாசிக்கவே கூடாது என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் புனித வெள்ளியன்று பிரிட்டனில் பத்திரிகையும் வராது, அலுவலகமும் திறக்காது. அனுப்பவேண்டியவர்கள் எல்லாரும் விடுமுறையில் இருந்தால் வாங்கவேண்டியவர் கையில் என்ன இருக்கும்? ‘எங்கள் மேசைக்கு ஒன்றும் வரவில்லை’ என்பதைத்தான் அவர் அத்தனை கம்பீரமாகச் சொன்னார். அந்த நேர்மையை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு ஒரு தொலைக்காட்சியில் செய்தி இல்லையென்றால், ஒரு அமைச்சர் காரிலிருந்து இறங்குவதை எட்டுத் தடவை காட்டி, சிவப்புப் பட்டையில் ‘பிரேக்கிங்’ என்று ஓடவிடுவார்கள். பியானோ எவ்வளவோ மேல்.

இரண்டாவது சல்லடை பக்கம், அதாவது அருகாமை. நமக்குப் பக்கத்தில் நடந்தால் சின்ன விஷயமும் செய்தி, தூரத்தில் நடந்தால் பெரிய விஷயமும் ஓரத்துக்குப் போய்விடும். ஆனால் இந்தப் பக்கம் மைல் கணக்கு அல்ல. இதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1930இல் கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் வீடுகளுக்கு மதுரையைவிட ரங்கூன் பக்கம். பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய அரசு அமைத்த குழு 1929-30இல் கணக்கெடுத்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள், இருந்தன. போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய், அந்தக் காலத்து ரூபாய். ஐராவதி டெல்டாவில் மழை தப்பினால் இங்கே ஆச்சிமார் முகம் மாறும். வடக்கே பக்கத்து ஜில்லாவில் கலெக்டர் சோற்றுக்குத் தடை போட்டது பேச்சாக இருந்திருக்கும். டெல்டாவின் நெல் விலை மூச்சாகவே இருந்தது.

தற்செயலாக அந்த வருடம் பர்மாவிலிருந்து செய்தி கொட்டப்போகிற வருடம். ஏப்ரல் 18 கழிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, மே 5 அன்று பெகு நகரத்தில் பெரிய நிலநடுக்கம். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், ஷ்வேமாடோ புத்த கோபுரம் சரிந்தது, ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்தன. அதே மாதக் கடைசியில் ரங்கூன் துறைமுகத் தொழிலாளர் தகராறு முற்றி இந்தியர்களுக்கு எதிரான கலவரமாக வெடித்தது. டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. அந்த ஏப்ரல் வெள்ளிக்கிழமை, பர்மா கடைகளில் உட்கார்ந்திருந்த மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மேலிருந்து கீழ்வரை எந்தப் பணியாளருக்கும் இது தெரியாது. ஒரு நாளின் செய்தியை அந்த நாளுக்குள் நின்று படிக்கும்போது அது எப்போதுமே கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். நாம் சிரிப்பதெல்லாம் அடுத்த பக்கம் தெரிந்துவிட்ட தைரியத்தில்.

மூன்றாவது சல்லடை வேகம். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 1965இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்று ஆராய்ந்து, ஒரு நிகழ்ச்சி செய்தியாவதற்கு உதவுகிற காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலின் முதல் காரணம் இதுதான்: நிகழ்ச்சி நடந்து முடிகிற கால அளவும் பத்திரிகை வெளிவருகிற கால அளவும் பொருந்த வேண்டும். குண்டு வெடிப்பது ஒரு நொடி, நாளிதழுக்குப் பொருந்தும். அணை கட்டுவது பத்து வருடம். நாளிதழுக்குப் பொருந்தாது, திறப்பு விழா மட்டும் பொருந்தும். ஆகவே ரிப்பன் வெட்டுகிறவர் செய்தியாவார், சிமெண்ட் சுமந்தவர் ஆகமாட்டார்.

செட்டிநாட்டுக்கு 1930இன் உண்மையான பெரிய செய்தி இந்தச் சல்லடையில்தான் மாட்டிக்கொண்டது. நெல் விலை இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம். உலகப் பொருளாதார மந்தத்தால் மூன்றே வருடத்தில் பர்மா நெல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்பித் தர முடியவில்லை. அடமான நிலம் கடை பெயருக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். கேட்பதற்குச் செல்வம் பெருகியது போல இருக்கும். கையில் ரொக்கமாகச் சுழலவேண்டிய பணம் வயலாக உறைந்துபோனது என்பதுதான் விஷயம். 1942இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தது, 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அந்த வயல்களும் போயின. செட்டிநாட்டின் பெரிய வளவு வீடுகள் பலவற்றில் இன்றைக்குப் பூட்டுத் தொங்குவதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. இத்தனையிலும் ‘இன்று செட்டிநாட்டின் செல்வம் சரியத் தொடங்கியது’ என்று தலைப்புப் போட ஒரு தேதி கிடையாது. தேதி இல்லாததால் அது ‘இதே நாளில்’ துணுக்குகளில் என்றைக்கும் வராது.

அந்த வெள்ளிக்கிழமைக்கும் கடைகளில் கணக்கு எழுதினார்கள். இருப்பு, வரவு, பற்று, நடப்பு வட்டி. விலை இறக்கத்தின் தடம் அங்கேதான் விழுந்திருக்கும், தலைப்பு இல்லாமல். “இன்று கணக்கு எதுவும் இல்லை” என்று எழுதிவிட்டு ஆர்மோனியம் வாசித்திருந்தால், அந்த அடுத்தாள் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார்.

நாலாவதாக விநோதம் என்று ஒன்று உண்டு. நாய் மனிதனைக் கடிப்பது, மனிதன் நாயைக் கடிப்பது என்று எல்லாரும் சொல்லிச் சலித்த உதாரணம், விட்டுவிடுவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1930இல் செய்தியே இல்லை என்ற அறிவிப்பு, விநோதம் என்ற ஒரே தகுதியால், இன்று அந்த நாளின் மிகப் பிரபலமான செய்தியாகிவிட்டது. வருடாவருடம் சுற்றுகிறது. சிட்டகாங் அந்த அளவுக்குச் சுற்றுவதில்லை.

இந்த விநோத ஆசையால் இன்னொரு நாளும் மாட்டிக்கொண்டது. 2010இல் வில்லியம் டன்ஸ்டால்-பீடோ என்ற பிரிட்டிஷ் கணினி வல்லுநர், தன்னுடைய தேடு கருவியில் இருந்த சுமார் 30 கோடித் தகவல்களை அலசி, 1900க்குப் பிறகு வந்த நாட்களிலேயே மிகச் சலிப்பான நாள் 1954 ஏப்ரல் 11 என்று அறிவித்தார். பெல்ஜியத்தில் ஒரு பொதுத்தேர்தல், சொல்லிக்கொள்ளும்படி ஒரு பிறப்பு, ஒரு கால்பந்து வீரரின் மரணம். வேறொன்றும் சிக்கவில்லையாம்.

சென்னை மாகாணத்தில் அன்று இருந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்து மாகாணமே கொதித்து, அவர் பதவி விலகும் நிலைக்கு வந்து, சட்டமன்றக் காங்கிரஸ் தலைவராகக் காமராஜர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்கக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. டீக்கடை பெஞ்சில் உட்கார இடம் கிடைத்திருக்காது. கணினிக்கு அது சலிப்பு. அதனிடம் இருந்த தகவல்களில் நம் ஊர்க்காரர்கள் குறைவு, அவ்வளவுதான். ஒரு விஷயம் கவனித்தீர்களா? உலகத்தில் ஒன்றுமே நடக்காத இரண்டு நாட்களிலும் ராஜாஜி ஏதோ ஒன்றின் நடுவில் இருந்திருக்கிறார்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் பாத்திரம், வால்வு ரேடியோ எல்லாம் கிடைக்கும். ரேடியோவைத் தொட்டுப் பார்த்தாலே போதும், “அண்ணே, இது 1930லயே லண்டன் நியூஸ் கேட்ட பெட்டிண்ணே” என்கிற ரீதியில் வியாபாரம் தொடங்கும். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெளிநாடுகளுக்கென்று பிபிசி நடத்திய எம்பயர் சர்வீஸ் தொடங்கியதே 1932 டிசம்பரில். தமிழில் அது பேசியது 1941இல். 1930 ஏப்ரலில் நம் மாகாணத்துக்கு இருந்தது, அந்த மாதம் முதல் தேதிதான் சென்னை மாநகராட்சி தொடங்கியிருந்த சின்ன வானொலி நிலையம்; காரைக்குடி வரை அது எட்டியிருக்க வாய்ப்பில்லை. திருச்சி வானொலி வர 1939 ஆயிற்று. அப்படியே அந்தப் பெட்டி லண்டனைப் பிடித்திருந்தாலும், அன்று என்ன கிடைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எந்த நாளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு, மற்றவர்கள் குப்பை என்று எறிந்ததை யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். 1950 வாக்கில் தொடங்கி, புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், துண்டறிக்கை என்று அச்சான தாள் எதுவானாலும் சேர்த்தார். வீட்டில் நடக்க இடமில்லாத அளவுக்குத் தாள் சேர்க்கிற மனிதரை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது நாட்டைவிட்டுப் போகாமல் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. அன்றைய சல்லடைகள் எல்லாம் வெளியே தள்ளியவற்றைத் தேட, தமிழில் அதைப் போன்ற இடம் குறைவு.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பேரேடு இருந்தால், தாத்தா பிறந்த நாளையோ பாட்டி கல்யாண நாளையோ எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள். அன்றைய பத்திரிகை என்ன சொன்னது, வீட்டுக் கணக்கு என்ன சொன்னது, பத்து வருடம் கழித்து எது மிஞ்சியது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். தேடும்போது ஆங்கிலத் தேதியை நம்பாதீர்கள். பழைய கணக்குகளில் தமிழ் வருடமும் மாதமும்தான் இருக்கும். 1930 ஏப்ரல் 18 என்பது பிரமோதூத வருடம், சித்திரை 6. இன்னொன்று: தமிழ் வருடங்கள் 60க்கு ஒரு முறை சுற்றி வரும், ஆகவே 1990ம் பிரமோதூததான். பற்று வரிசையில் கலர் டிவித் தவணை என்று எழுதியிருந்தால், அது நீங்கள் தேடுகிற வருடம் இல்லை.